விருந்தினர்க்கு அழகு



முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் நாடு இந்தோனேசியா. அந்நாட்டிலுள்ள பாலித் தீவிலோ இந்துக்களே பெரும்பான்மையினர். சக ஆண்டின் புத்தாண்டு நாளை அவர்கள் 'நியெபி' என்பர். அதற்கு முந்தைய நாள் மாலையில் நடைபெறும் ஊர்வலத்தைக் காண, பல நாட்டுக் குடும்பங்கள் அங்கு வருகின்றன.

அவ்வாறு வந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தையின் தோளில் சிறுமி அமர்ந்திருக்கிறாள். பிதுங்கிய விழிகளும் நீண்ட கோரைப் பற்களும் கொண்ட பேருருவங்கள் தெருவில் அசைந்து வருகின்றன. 'ஓகோ-ஓகோ' என்பது அவற்றின் பெயர். மூங்கிலும் காகிதமும் கொண்டு ஊர் இளைஞர்கள் பல வாரங்கள் உழைத்துச் செய்தவை அவை. மூங்கில் சட்டங்களில் ஏற்றித் தோளில் சுமந்து வரும் அவர்கள், நாற்சந்தியை அடைந்ததும் அவ்வுருவங்களைச் சுழற்றுகின்றனர். முரசும் தாளமும் செவியைப் பிளக்கின்றன. தீய சக்திகள் இதனால் அகலும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஊர்வலத்திற்குப் பின் உருவங்கள் பல எரிக்கப்படுகின்றன. முதலில் அஞ்சிய சிறுமி, முடிவில் கைகொட்டி மகிழ்கிறாள்.

இதுவரை அக்குடும்பம் வெறும் பார்வையாளர்தான். சோதனை மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அப்பொழுதிலிருந்து 24 மணி நேரம் தீயும் விளக்கும், தொழில், பயணம், கேளிக்கை ஆகிய நான்கும் விலக்கப்படுகின்றன. விமான நிலையமே மூடப்படுகிறது. 2018 முதல் கைபேசி இணையமும் நிறுத்தப்பட்டது. விடுதியில் தங்கியிருப்போர் வாயிலைத் தாண்டலாகாது. இரவில் விளக்கொளி வெளியே தெரியலாகாது. 'பெச்சாலாங்' எனப்படும் ஊர்க்காவலர் தெருக்களைச் சுற்றி வருவர். உயிர் காக்கும் அவசரத்திற்கு மட்டுமே விதிவிலக்கு.

"நாம் அவர்களுடைய மதத்தினர் அல்லவே! நாம் ஏன் இருட்டில் இருக்க வேண்டும்?" என்று அச்சிறுமி வினவினால் பெற்றோர் என்ன கூறுவர்? "பணம் கொடுத்து வந்த நமக்கு இது என்ன கட்டாயம்?" என்று அவர்கள் முணுமுணுத்தால், குழந்தை கற்பது ஆணவம். "இது அவர்களின் வீடு; நாம் விருந்தினர்" என்று மொழிந்தால், அது கற்பது பண்பாடு.

பாலியில் வாழும் முஸ்லிம்கள் இவ்வினாவிற்குச் செயலால் விடையளித்துள்ளனர். 2024-ஆம் ஆண்டில் நியெபி மார்ச் 11 அன்று வந்தது. அரசின் அறிவிப்புப்படி, ரமளானின் முதல் தராவீஹ் தொழுகையும் அன்றிரவே. மோதல் எழுந்ததா? இல்லை. ஒலிபெருக்கியின்றி, குறைந்த வெளிச்சத்தில், அருகிலுள்ள பள்ளிவாசலுக்கு நடந்து சென்றோ இல்லத்திலோ தொழுதுகொள்ளுமாறு இரு சமயத்தாரும் கலந்து பேசி வழி வகுத்தனர். தொழுகையும் விடுபடவில்லை, அண்டை வீட்டாரின் அமைதியும் கெடவில்லை.

இங்கே நுட்பமான வேறுபாடொன்றை உணர வேண்டும். பிறர் வணக்கத்தில் பங்கேற்பது வேறு. பிறர் வணக்கத்திற்கு இடையூறு செய்யாதிருப்பது வேறு. முன்னதற்கு அவரவர் கொள்கை எல்லை வகுக்கும். பின்னது மனிதர் அனைவர்க்கும் உரிய கடமை. கொள்கையில் உறுதியுடையோர்க்கு இக்கடமையைச் செய்வதில் தயக்கம் ஏன் வர வேண்டும்?

நோன்புக் காலத்தில் நம் எதிரில் உண்ணத் தயங்கி ஒதுங்கிச் செல்லும் பிற சமய அன்பரைக் கண்டு நாம் நெகிழ்கிறோம் அல்லவா? அதே நெகிழ்ச்சியை அவருடைய திருநாளில் நாம் அவருக்கு அளிக்கிறோமா? ஊர்வலம் நம் தெரு வழியே வரும் நாளில், வாயிலில் நிற்கும் நம் பிள்ளைகள் நம் முகத்தையே நோக்குவர். அவர்கள் அங்கே எதைக் கற்க வேண்டும் என்பதைப் பெற்றோராகிய நீங்களே முடிவு செய்யுங்கள்.