உறைமீனும் உறையெழுத்தும்

உண்ணும் பொருளின் பெயரைத் தன் மொழியில் அறிய முடியாதவன், பிறன் கையை நம்பி வாய் திறப்பவன் ஆவான். மொழியுரிமை மேடைக்கும் ஏட்டுக்கும் மட்டும் உரியதன்று. அஃது அடுப்படிக்கும் உரியது. தமிழ்காப்பு என்பது வயிற்றோடு தொடர்பில்லாத வெற்று வீம்பு என்று எள்ளுவோர்க்கு உறைமீன் ஒன்றே விடை கூறும்.

2019-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது கடற்கரை முழுவதும் அதனோடு சென்றது. காஞ்சிபுர மாவட்டத்துக்கு இன்று ஒரு முழக் கடற்கரையும் இல்லை. உத்திரமேரூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ முப்பது கல் தொலைவில் கடல் இருப்பினும், அவ்வூர்க்குக் கடல்மீன் வந்து சேரும் பொருளே. அதன் சொந்த மீன் ஏரிமீன். விரால், கெண்டை, கெளுத்தி, அயிரை, ஆரல், குறவை என ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. பெயரோடு சேர்ந்த அறிவும் உண்டு. எது சேற்றில் மறையும், எது முள் மிகுந்தது, எது பிள்ளை பெற்றவளுக்கு ஆகும் என்பனவெல்லாம் அப் பெயர்களுக்குள் அடங்கியவை.

இனி உறைமீனைப் பார்க்க. பிடித்த மீனைத் தோலுரித்து, முள் நீக்கி, துண்டாக்கி, விரைந்து உறையச் செய்து, சுழியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் வைத்துக் கப்பலேற்றுகின்றனர். வியத்நாமின் மேகாங்கு ஆற்றுப் படுகையில் வளர்க்கப்பெறும் கெளுத்தி இன மீன், ‘பாசா’ என்னும் பெயரோடு இவ்வாறே இந்தியாவுக்கு வருகின்றது. உலக வணிகத்தில் அப் பெயரால் விற்கப்பெறுவதில் பெரும்பகுதி உண்மைப் பாசாவும் அன்று. அதற்கு உறவான ‘திரா’ என்னும் வேறொரு மீன். பெருநகரக் கடைகளில் விற்கும் இவ் வெள்ளைத் துண்டு, சிற்றூர்க் கடையின் குளிர்ப்பெட்டிக்கு வரும் நாள் தொலைவில் இல்லை.

சந்தையில் மீன் வாங்கும் பெண்ணுக்கு எழுத்துத் தேவையில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், சிவந்திருந்தால் புதிது. கண் தெளிந்திருக்கின்றதா என்று நோக்குவாள். விரலால் அழுத்துவாள், விழுந்த குழி மீளாவிட்டால் அக் கூடையை விட்டு நகர்வாள். உறைமீன் துண்டுக்குச் செவுளுமில்லை, கண்ணுமில்லை, அழுத்தினால் கல். அதன் இனம், பிறந்த நாடு, உறைவித்த நாள், கெடுநாள், மேலே பூசிய பனிநீர் போக உள்ள எடை, உருகியதை மீண்டும் உறைவித்தலாகாது என்னும் எச்சரிக்கை ஆகிய அனைத்துக்கும் உறைமேலுள்ள எழுத்தையே நம்ப வேண்டும். கண்ணும் கையும் செய்த வேலையை எழுத்து ஏற்றுக்கொண்டது. அவ் வெழுத்தோ அவளுக்குத் தெரியாத எழுத்து!

இது தற்செயலாக நேர்ந்ததன்று. நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2020-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, உறைமேல் இருக்கவேண்டிய செய்திகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ அச்சிடப்பெறுதல் வேண்டும் என்கின்றது. அவற்றோடு பிற மொழிகளையும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லையாம்! அஃதாவது, இந்திக்குச் சட்டத்தில் இடம். தமிழுக்கு வணிகனின் மனத்தில் இடமிருந்தால் இடம். தமிழில் மட்டும் அச்சிட்ட உறை குறையுடையது. தமிழே இல்லாத உறை நிறைவுடையது! தமிழ் மட்டும் படித்தவளுக்கு அவ் வுறையில் விளங்கக்கூடியது, ஊனுணவு என்று காட்டும் பழுப்பு முக்கோணம் ஒன்றே. அது மீன் என்பதுகூட அந்த முக்கோணத்தால் விளங்காது.

வெறும் பெயர்க்கும் எழுத்துக்கும் இத்தனை ஆரவாரமா என்போர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். வியத்நாமியக் கெளுத்தி தம் விலையைக் குலைப்பதாக அந்நாட்டு மீன்வளர்ப்பாளர் முறையிட்டனர். உடனே, தன் நாட்டுக் கெளுத்திக் குடும்பத்தைத் தவிர வேறெம் மீனும் அப் பெயரால் விற்கப்படலாகாது என்று 2002-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்திலேயே அமெரிக்கா எழுதிவைத்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, உணவுச் செய்திகள் பொருள் விற்கப்பெறும் நாட்டின் நுகர்வோர்க்கு எளிதில் விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும் என்று 2011-இல் கட்டாயமாக்கியது. அங்கெல்லாம் அந்தந்த நாட்டு எழுத்தைச் சுமந்து செல்லும் மீன், தமிழகத்துக்கு வரும்போது மட்டும் ஊமையாகிவிடுகின்றது.

மொழிதோறும் உறை அச்சிடுவது பெருஞ்செலவு என்பர். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உரிம எண் போன்றவற்றை இங்கு வந்தபின் ஒட்டுத்தாளில் ஒட்டிக்கொள்ள இன்றைய விதியே இடந்தருகின்றது. முதலாளியின் முகவரிக்கு ஒட்டுத்தாள் உண்டெனில், உண்பவளின் மொழிக்கு ஏன் இல்லை?

வரவழைத்த உணவையே நம்பி அடுப்பெரித்தால் என்னாகும் என்பதற்கு இலங்கை சான்று. நாற்புறமும் கடல் சூழ்ந்த அத் தீவில், போர்க்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவுத் தமிழ் மீனவர்மேல் கடற்றடைகள் விதிக்கப்பெற்றன. மீன் மிகுந்த கரைகள் முடங்கின. தகரத்திலடைத்த அயல்மீனுக்கு அந் நாடு பழகியது. 2022-இல் அயல்நாட்டுப் பணம் வற்றியபோது அத் தகரமீன் ஏழையின் கைக்கு எட்டவில்லை. மண்ணெண்ணெய் இன்றி வடபுலப் படகுகளும் கரையில் கிடந்தன. கடல் இருந்தும் மீனில்லை!

உத்திரமேரூர்க்குக் கடல் இல்லை, ஏரி உண்டு. முதற் பராந்தகன் காலத்து, ஏறத்தாழ 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு நிற்க இயலாது. அது நிலமுடைய, மறையோதிய பார்ப்பனர் அவை. வலை வீசியவனுக்கு அங்கு இடமில்லை. அவ் விழிவைத் தள்ளுக. ஏரிக்குக் கணக்கு வேண்டும் என்னும் ஒழுங்கைக் கொள்க. ஏரிமீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்திய பாட்டத்தைப் பழங்கல்வெட்டுகள் பாசிப்பாட்டம் என்றன. இன்றும் மீன்பாசிக் குத்தகை என்னும் பெயர் வழங்குகின்றது. பெயர் நிலைத்தது; கணக்கு நிலைக்க வேண்டாவா?

அக் குத்தகைப் பணம் ஏரியைத் தூர்வாரவும் மதகைச் செப்பனிடவும் திரும்பிவர வேண்டும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கச் சிலேபியையே நம்பியிராமல், விராலும் கெண்டையும் ஏரியில் மீண்டும் பெருக வேண்டும். ஏரி வற்றினால் மீன் மட்டும் சாவதில்லை. அயிரை, ஆரல், குறவை என்னும் சொற்களும் சாகும். அகரமுதலியில் மட்டும் நீந்தும் மீன் யார் பசியைத் தீர்க்கும்?

வாணிகத்துக்குக் கதவடைக்க எவரும் சொல்லவில்லை. வருகின்ற பொருள் தமிழில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரட்டும் என்பதே கோரிக்கை. தமிழ்நாட்டில் விற்கப்பெறும் ஒவ்வோர் உணவுப் பொதியிலும் பெயர், நாடு, நாள், எடை, எச்சரிக்கை ஆகிய ஐந்தும் தமிழில் இருத்தல் கட்டாயமாக வேண்டும். இதற்கு நடுவணரசை நெருக்குவது தமிழக அரசின் கடமை. தமிழில்லாத உறையைக் கடைக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, “இதில் என்ன எழுதியிருக்கின்றது?” என்று கேட்பது ஒவ்வொரு தமிழன், தமிழச்சியின் கடமை. நூறு பேர் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஆயிரவர் கேட்டால் இறக்குமதியாளர் விழிப்பார். ஊரே கேட்டால் சட்டமும் தமிழ் பேசும்!