சேறு அள்ள வரும் கைகள்

புயல் அடங்கி வானம் வெளுத்ததும், பாதிக்கப்பட்ட ஊருக்கு முதலில் வந்து சேர்பவை சோற்றுப் பார்சலும் துணி மூட்டையுமே. அவை வேண்டியவைதாம். பசித்தவனுக்கு முதலிற் சோறு என்பதை மறுப்பார் யார்? ஆயினும், முகாமிலிருந்து திரும்பித் தன் வீட்டு வாசற்படியில் வந்து நிற்கும் ஒரு குடும்பத் தலைவியின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அறைக்குள் முழங்காலளவு சேறு; அலுமாரி குப்புறக் கிடக்கிறது; மெத்தை நீரில் ஊறிப் பெருத்துவிட்டது; கிணற்றுக்குள் என்ன விழுந்து கிடக்கிறதோ தெரியாது. கையிலுள்ள அரிசியை அவள் எங்கே வைத்துச் சமைப்பாள்? அவ்வேளையில் அவளுக்கு மண்வெட்டி பிடித்த நான்கு கைகளே பெருந்துணை.

அத்தகைய கைகளைப் பற்றி, சிறப்பாகத் தேவாலயங்களிலிருந்து புறப்பட்டு வந்து பிறர் வீட்டுச் சேற்றை அள்ளும் தொண்டர்களைப் பற்றி, இவ்வாரம் எழுத எண்ணுகிறேன். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நம் நாட்டைத் தாக்கிய டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னர் மலைநாட்டிலும் ஆற்றோரங்களிலும் மக்கள் வீடுகளைச் சுத்தம் செய்யப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இப்பொருள் புதிதன்று. கல்முனைக் கரையில் வாழும் நமக்கோ அது இன்னும் பழைய பாடம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்புக் கரையைக் கடந்த சூறாவளியை நம் பெரியோர்கள் இன்றும் மறக்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை ஆகிய மாவட்டங்கள் அன்று பட்ட துயரம் கொஞ்சமன்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், கூரையிழந்த வீடுகளுக்குக் கணக்கில்லை, தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் விழுந்தன. வீழ்ந்த தென்னை வெறும் குப்பையன்று. அதனை அறுத்து அகற்றாமல் உக்கவிட்டால் அதிலே காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நின்ற மரங்களின் குருத்தையும் குடைந்துவிடும். ஆகவே, தென்னை வைத்திருந்த குடும்பத்துக்குத் தோப்பைத் துப்புரவு செய்வது அழகுக்காகச் செய்யும் வேலையாக இருக்கவில்லை; எஞ்சிய பிழைப்பைக் காக்கும் வேலையாகவே இருந்தது.

பின்பு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடலே ஊருக்குள் வந்தது. இலங்கையில் ஆழிப்பேரலைக்கு மிகுதியான உயிர்களைப் பலிகொடுத்த மாவட்டம் நம் அம்பாறை மாவட்டமே. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு என்று கரையோர ஊர்கள் யாவும் ஒரே காலையில் சிதைந்தன. மருதமுனையில் நெசவாளரின் தறிகளும் நூலும் மணலோடு மணலாயின. கோயில் எது, பள்ளிவாசல் எது, தேவாலயம் எது என்று அலை பார்க்கவில்லை. அக்காலத்தில் இடிபாடுகளை அகற்றவும் தற்காலிக வீடுகளை அமைக்கவும் வந்தவர்களுள் பல சமயத்தாரும் இருந்தனர். கத்தோலிக்கத் திருச்சபையின் கரித்தாஸ் நிறுவனத்தாரும் மெதடிஸ்த திருச்சபையாரும் அவர்களுள் அடங்குவர்.

திருச்சபை நம் பகுதிக்கு விருந்தாளியன்று என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். மெதடிஸ்த மிஷனரிமார் 1814ஆம் ஆண்டிலேயே மட்டக்களப்புக்கு வந்துவிட்டனர். கல்முனையின் உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும் கார்மேல் பாத்திமாக் கல்லூரியும் கிறிஸ்தவ சபைகளின் கல்விப் பணியில் முளைத்தவையே. 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்து, பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் துறவியாகி, தமிழுலகம் போற்றும் பேரறிஞரான சுவாமி விபுலாநந்தர், இளமையில் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலே படித்தவர் அன்றோ? அவர் சமயம் மாறவில்லை. அப்பாடசாலை தந்த கல்வியும் வீண்போகவில்லை. கொடுப்பவர் நிபந்தனையின்றிக் கொடுத்து, பெறுபவர் தலைகுனியாது பெறுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறு வேண்டா.

சேறு அள்ளுவதை ஒரு முறையான தொண்டாகவே வகுத்துக்கொண்ட கிறிஸ்தவ சபையொன்று அமெரிக்காவில் உண்டு. மெனோனைட் என்னும் அச்சிறு சபையைச் சேர்ந்த இளைஞர் சிலர், 1950ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலத்தில் ஞாயிறு வகுப்பின் உல்லாசக் கூட்டமொன்றில், அயலாருக்கு உதவும் வழியொன்றைத் தேடிப் பேசினர். அப்பேச்சிலிருந்து பிறந்ததே அவர்களுடைய பேரிடர்ப் பணி அமைப்பு. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா சூறாவளி வீசி, நியூ ஓர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியபோது, இவர்களும் பிற சபைத் தொண்டர்களும் அப்பகுதியில் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். முதலில் சேற்றை வழித்தெடுப்பது. அடுத்து ஊறிய தளபாடங்களை வெளியேற்றுவது. பின்னர் சுவரில் அறைந்த பலகைகளைப் பூஞ்சணம் பரவுமுன் கழற்றிவிட்டு, மரச்சட்டங்களை உலரவிடுவது. உலர்ந்த பின்னரே திருத்துவது. தச்சனும் கமக்காரனும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் விடுமுறையெடுத்துக்கொண்டு வந்து செய்த வேலை இது.

நேயர்களே, வேலையின் ஒழுங்கு மட்டும் போதாது. பிறர் வீட்டைத் துப்புரவு செய்வது பிறருக்குப் பணம் கொடுப்பதினும் நுண்ணிய காரியம். பணம் வாசலோடு நிற்கும்; துப்புரவு செய்பவனோ அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் போகவேண்டியவன். நமக்குக் குப்பையாகத் தெரியும் ஈரக் காகிதக் கட்டு வீட்டுக்காரனுக்குக் காணி உறுதியாக இருக்கலாம். நெளிந்துபோன தகரப்பெட்டி, போன மகனின் உடுப்பு வைத்த பெட்டியாக இருக்கலாம். “மகன், அதை மட்டும் எறிஞ்சி போடாதீங்க” என்று ஓர் உம்மா சொன்னால், அந்தச் சொல்லுக்கு நிற்கத் தெரிந்தவனே தொண்டன். வீட்டுப் பெண்கள் வெளியார்முன் வரத் தயங்கும் வீடுகளில் பெண் தொண்டர்களே உள்ளே போவதுதான் மரியாதை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையைப் புயல் வீட்டுக்காரரிடமிருந்து பறித்துவிடவில்லை. உதவ வந்தவரும் அதனைப் பறித்தலாகாது.

நல்ல மனத்தோடு நல்ல அறிவும் சேரவேண்டும் என்பதற்கு நம் கரையோரக் கிணறுகளே சாட்சி. கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட நம் மணல்நிலத்தில், மழைநீர் நிலத்தின்கீழ் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கின்றது. ஆழிப்பேரலைக்குப் பின் பலரும் ஆர்வத்தோடு வந்து, உப்பேறிய கிணறுகளை மீண்டும் மீண்டும் இயந்திரம் வைத்து இறைத்தனர். கிழக்குக் கரையில் இதனை ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தார் கண்டது யாது? அளவுக்கு மீறி இறைப்பதால் உப்பு குறையவில்லை. கீழேயுள்ள உவர்நீர் மேலேறும் ஆபத்தே கூடியது. சேற்றையும் குப்பையையும் ஒரு முறை அகற்றிவிட்டு, மழைக்குப் பொறுத்திருப்பதே நன்று. வாடைக்காற்றோடு வரும் மாரிமழையே கிணற்றை மெல்லமெல்லத் தேற்றும். சில வேளை, வாளியைக் கீழே வைப்பதும் தொண்டுதான்.

தொண்டர் தம்மைக் காத்துக்கொள்வதும் கடமை. வெள்ளச் சேற்றில் வெறுங்காலோடு இறங்குபவரை எலிக்காய்ச்சல் பற்றக்கூடும். ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனை கேட்டு, சப்பாத்தும் கையுறையும் அணிந்தே இறங்குதல் வேண்டும். மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்டதா என்று பாராமல் எந்த வீட்டுக்குள்ளும் கால்வைத்தல் கூடாது.

இனி, பலர் மனத்திலிருந்தும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி உண்டு. “சேறு அள்ள வருபவர் சமயமும் பரப்ப வருகிறாரோ?” என்பதே அது. அக்கேள்வி காரணமின்றி எழுந்ததன்று. 2004ஆம் ஆண்டில், ஆழிப்பேரலைக்குச் சில மாதங்கள் முன்னரே, மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று நம் பாராளுமன்றத்துக்கு வந்து பெரும் வாதத்தைக் கிளப்பியிருந்தது. அந்த ஐயத்தின் நிழல் நிவாரணப் பணிமீதும் விழுந்தது. இதற்குத் திருச்சபைகள் முன்னரே நல்ல விடையொன்றைத் தந்திருக்கின்றன. 1994ஆம் ஆண்டு செஞ்சிலுவை இயக்கத்தோடு கூடி நிவாரணப் பணிக்கான நடத்தை விதிகளை வகுத்தவர்களுள், கரித்தாஸ் அமைப்பும் லூதரன் உலக சம்மேளனமும் உலகத் திருச்சபைகள் மன்றமும் இருந்தன. இனம், சமயம் பாராது தேவையறிந்து உதவவேண்டும். ஒரு சமயக் கொள்கையையோ அரசியற் கொள்கையையோ வளர்ப்பதற்கு உதவியைக் கருவியாக்கலாகாது என்பன அவ்விதிகளுள் முக்கியமானவை. துன்பத்தில் இருப்பவன் வேண்டாம் என்று சொல்லும் வலிமையை இழந்திருக்கிறான். அந்நேரத்தில் அவன்முன் துண்டுப்பிரசுரத்தை நீட்டுவது எச்சமயத்தார் செய்யினும் முறையன்று. சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டு, கைகால் கழுவி, தேநீர் தந்தால் குடித்துவிட்டு, “போய்வருகிறோம் அம்மா” என்று சொல்லி நடப்பவனே தன் சமயத்துக்கும் நல்ல பெயர் தேடித் தருபவன்.

இப்பணியின் வேர் எல்லாச் சமயத்திலும் இருக்கின்றது. சீடர்களின் கால்களைத் தாமே கழுவிய இயேசுநாதரை நினைத்துத் தேவாலயத் தொண்டர் மண்வெட்டி எடுக்கிறார். பாதையிற் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையே என்று நபிகள் நாயகம் கற்பித்ததை நம் முஸ்லிம் சகோதரர் அறிவர். நாவுக்கரசர் பெருமான் கையில் நாம் காண்பதோ ஏடும் எழுத்தாணியும் அல்ல; புல்லும் பூண்டும் செதுக்கும் உழவாரம். ஆண்டுக்கொரு முறை கோயில் வீதியைச் செதுக்குவதோடு நம் உழவாரம் நின்றுவிடுகிறதே என்பதுதான் என் மனக்குறை. 1958ஆம் ஆண்டு, கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவரை ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று உழைக்கவைத்தார். சிரமதானம் என்ற சொல் நாடெங்கும் வீட்டுச் சொல்லானதற்கு அம்முயற்சியே பெருங்காரணம். ஓர் ஆசிரியரும் சில மாணவரும் தொடங்கக்கூடிய காரியந்தான் இது.

கல்முனையின் அமைப்பை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். இங்கே தமிழர் ஊர் முடியும் மதிலோடு முஸ்லிம் ஊர் தொடங்குகின்றது. போர்க்காலம் இரு சாராருக்கும் ஆறாத காயங்களைத் தந்து போனது. பிரதேச செயலகம் பற்றிய பிணக்கோ பல ஆண்டுகளாக நீள்கின்றது. இவற்றையெல்லாம் ஒரு மண்வெட்டி தீர்த்துவிடும் என்று சொல்லுமளவுக்கு நான் பேதையல்லேன். ஆனால், பாண்டிருப்புப் பிள்ளை மருதமுனையில் ஒரு வீட்டின் சேற்றை அள்ளியிருந்தால், அவனைப் பற்றி அவ்வீட்டில் நாளைக்கு ஒருவரும் பொதுப்பட இழித்துப் பேசமாட்டார்கள். சாய்ந்தமருதுத் தம்பி காரைதீவில் ஒரு கிணற்றைத் துப்புரவாக்கியிருந்தால், வதந்தியொன்று பரவும் இரவில் அந்த வளவிலிருந்து ஒரு குரலாவது அவனுக்காக எழும்.

ஆகையால், அடுத்த மாரிக்கு முன்னரே பாடசாலைகளும் பள்ளிவாசல் நிருவாகத்தாரும் கோயிற் பரிபாலன சபையாரும் பங்குச் சபையாரும் ஒன்றுகூடி, ஒரு பொதுத் தொண்டர் பட்டியலைத் தயாரித்தல் நலம். மண்வெட்டி இருபது, அலவாங்கு பத்து, கோடரி, வாள், வாளி, தும்புத்தடி, சப்பாத்து, கையுறை என்று ஓர் அறையில் சேர்த்து வைக்கலாம். கிணறு பற்றி அறிந்தவர், மின்சாரம் அறிந்தவர், வீட்டுப் பெண்களோடு பேசத்தக்க பெண் தொண்டர் ஆகியோரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குழுவிலும் எல்லாச் சமயத்தாரும் கலந்திருக்கட்டும். வாடைக்காற்று தொடங்கும் மாதம் நமக்குத் தெரியும். ஆயத்தம் செய்ய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.