"எரிக்கிறதுங்களா, அடக்கமுங்களா?"

ராத்திரி இரண்டு மணிக்கு மேல் என் செல்போன் அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. எங்கோ ஒரு வீட்டில் எழவு விழுந்திருக்கிறது, எனக்கு வேலை வந்திருக்கிறது. ராசிபுரத்தில் சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஐஸ் பெட்டி வாங்கிப் பதினெட்டு வருஷம். செத்தது யார், எப்படி என்று நான் கேட்பதில்லை. அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "எரிக்கிறதுங்களா, அடக்கமுங்களா?"

தொழில் கேள்வி அது. எரிப்பதென்றால் தகன மேடையில் நேரம் வாங்க வேண்டும். அடக்கமென்றால் குழி வெட்ட ஆள் சொல்ல வேண்டும். பந்தல் எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற கணக்கும் இரண்டுக்கும் வேறு. பெரும்பாலான வீடுகளில் பட்டென்று பதில் வரும். சில வீடுகளில் வராது. போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பேசுகிற சத்தம் கேட்கும். "அப்பா என்ன சொல்லியிருந்தாரு?" "அவரு சொன்னா ஆச்சா, ஊரு என்ன சொல்லும்?" பிறகு, "கொஞ்ச நேரத்துல சொல்றமுங்க" என்று வைத்துவிடுவார்கள்.

என் கடைக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் அடிக்கிற கடை. அந்தப் பையனுக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு: "எந்தப் பதவிங்க போடறது?" சிவலோக பதவியா, வைகுண்ட பதவியா? கர்த்தருக்குள் நித்திரையா? இயற்கை எய்தினாரா? ஒரு மனுஷன் செத்த பிறகு எங்கே போனான் என்பதை அவனுடைய மூத்த மருமகன் நின்றுகொண்டே முடிவு செய்வதை நான் பார்த்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் நின்று வார்டு கவுன்சிலர் பதவிகூடக் கிடைக்காத ஒருவருக்கு, கட்சிக்காரர்கள் சேர்ந்து ஆறடிக்கு நாலடியில் வைகுண்ட பதவி கொடுத்தார்கள். அவர் கோயில் வாசல் மிதிக்காதவர்.

எத்தனை வீடு போனேனோ அத்தனை விதமான மறுமையைப் பார்த்துவிட்டேன். முஸ்லிம் வீடுகளில் எனக்கு நாற்காலி வியாபாரம்தான். பெட்டி கேட்க மாட்டார்கள். முடிந்தவரை அன்றைக்கே கபரில் வைத்துவிட வேண்டும். ஒரே ஒருமுறை, துபாயிலிருந்து மகன் வருவதற்காக ஒரு வீட்டில் எடுத்தார்கள். குளிப்பாட்ட வந்த பெரியவர் தண்ணீரை முதலில் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தார், கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மய்யித்துக்கும் நோகும் தம்பி" என்றார். கிறிஸ்தவர்கள் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்பே வந்து புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, அன்று சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றிச் சாமந்தி வைப்பார்கள். அங்கே பேச்சைக் கேட்டால் செத்தவர் போய்விட்ட மாதிரியே இருக்காது. உள்ளே காத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். வீரசைவக் குடும்பங்களில் உட்கார வைத்துத்தான் அடக்கம். என் பெட்டியோ ஆறடி நீளத்துக்குப் படுக்கை. உட்கார்ந்து போகிறவருக்கு அதில் இடமில்லை என்பதை முதல்முறை பெட்டியை இறக்கி வைத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

இதெல்லாம் போக, எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்று உண்டு. அண்ணன்மார் சாமி கும்பிடுகிற ஊர்களில் படுகளம் நடக்கும். பொன்னரும் சங்கரும் களத்தில் விழுந்தபடி, அருள் வந்தவர்கள் வரிசையாகக் கட்டையாய்ச் சாய்வார்கள். பிறகு தங்காள் வந்து தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டும். எழுந்தவர் ஒருவரிடம், "அந்நேரம் எங்கண்ணா இருந்தீங்க?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "இங்கதான்டா இருந்தேன், ஆனா இல்லெ" என்றார். மறுமையைப் பற்றி நான் கேட்டதிலேயே நேர்மையான பதில் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை. அப்பா தறி நெய்தவர். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டுக்கு இருபத்திரண்டு வயதில் சைக்கிளிலேயே போய் வந்தவர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் திதி கிடையாது. அம்மா அப்படி இல்லை. நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயிலுக்குச் செவ்வாய் தவறாமல் போவார். மற்ற ஊர்களில் திருவிழா முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் வருஷம் முழுக்க அது அம்மன் எதிரிலேயே நிற்கும். அப்பா அம்மாவைக் கோயில் வாசல் வரை சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, எதிர்ப்புறம் டீக்கடையில் விடுதலை படித்துக்கொண்டிருப்பார். நாற்பது வருஷம் இப்படித்தான் ஓடியது. யாரும் யாரையும் மாற்றவில்லை.

2009-இல் அப்பா உடல்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. 2015-இல் ஒரு விடியற்காலை மாரடைப்பு. ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை என் வீட்டில் நானே செய்தேன்: மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குக் கீழே இரண்டு தலையணை கொடுத்தேன். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண் எடுத்தாலும் உடலை மருத்துவக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும். பிரேதப் பரிசோதனை செய்துவிட்டால்தான் ஏற்காது. விபத்தில் போனவர் எவ்வளவு எழுதி வைத்திருந்தாலும் அதனால்தான் கல்லூரிக்குப் போக முடிவதில்லை. இது பலருக்குத் தெரியாமல் கடைசி நேரத்தில் தவிப்பார்கள்.

கண் எடுக்க வந்தவர்கள் போனதும் பெரியப்பா ஆரம்பித்தார். "கொள்ளி வெக்காம அனுப்பினா அவன் கட்டை எப்பிடிடா வேகும்?"

"வேகவே வேண்டாம்னுதானுங்க பெரியப்பா எழுதி வெச்சிருக்காரு" என்றேன். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்குக் கோபம் ஏறியது. பங்காளிகள் ஒரு பக்கம், கறுப்புச் சட்டைத் தோழர்கள் ஒரு பக்கம். எல்லோரும் கடைசியில் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவரு சொன்னதெ நீ செய்யி சாமி. எனக்கு ஆகற மாதிரி நான் செஞ்சுக்கறேன்."

மல்லூர், சீலநாயக்கன்பட்டி வழியாகச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தோம். நாமக்கல்லில் அப்போது அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. அது 2022-இல்தான் வந்தது. திரும்பி வரும்போது வண்டி காலியாக இருந்தது. சாம்பல் இல்லை, மூன்றாம் நாள் பால் ஊற்ற இடம் இல்லை. கொள்கை சரியாகத்தான் இருந்தது, ஆனால் அம்மாவின் கை காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தைப் பற்றி அப்பாவின் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆடி அமாவாசைக்கு அம்மா என்னைப் பவானி கூடுதுறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை ஆற்றில் விட்டார். கூடுதுறையில் துணி விடுவது ஆற்றுக்குக் கேடு என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வந்திருந்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "கண்ணையே குடுத்துட்டாரு, இதெதுக்கு" என்று மறுபடி சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அமாவாசை தவறாமல் காக்காய்க்கு எள்ளுச் சோறு. பல கல்லூரிகளில் முதலாண்டுப் பிள்ளைகள் உடலைத் தொடுவதற்கு முன் பூ வைத்து வணங்கி உறுதிமொழி எடுக்கிறார்கள் என்று ஒருநாள் பேப்பரில் பார்த்துச் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்ன பூவு?"

அப்பாவின் தோழர் ஒருவர், காக்காய்க்குச் சோறு வைப்பது அப்பாவுக்கு அவமானம் என்று என்னிடம் வருத்தப்பட்டார். பங்காளி ஒருவர், அப்பாவின் ஆவி சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே அலைகிறது என்றார். இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரியே பேசினார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே அளவு எரிச்சல்.

என் கட்சி அம்மா சொன்னதுதான். உடம்பை என்ன செய்வது என்பது போனவரின் நம்பிக்கைப்படி நடக்க வேண்டும். துக்கத்தை என்ன செய்வது என்பது இருக்கிறவரின் நம்பிக்கைப்படி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வீடுகளில் பந்தலுக்குள்ளேயே சண்டை.

தப்பு ஒரு பக்கம் மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். சுயமரியாதைக்காரரின் நெற்றியில் செத்த பிறகு விபூதி பூசுகிற வீடுகளைப் போலவே, இன்னொரு வகையும் இப்போது பெருகுகிறது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பெரியவர்; மலையேறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டே எண்பது வருஷம் வாழ்ந்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள், "எங்களுக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க" என்று மூன்று மணி நேரத்தில் தகன மேடையில் முடித்துவிட்டார்கள். பொறந்த வீட்டுக் கோடியோடு வாசலில் வந்து நின்ற மாமன் மச்சான்கள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். பகுத்தறிவு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அது விமானத்துக்கு நேரமாகிவிட்டதுபோல்தான் தெரிந்தது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஜெயலலிதாவை 2016 டிசம்பர் 6-ஆம் தேதி மெரினாவில் அடக்கம் செய்தார்கள். சந்தனப் பேழையை நாடே பார்த்தது. ஒரு வாரம் கழித்து, உறவினர் என்று சொன்ன சிலர் கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையில் உருவம் வைத்துத் தகனச் சடங்கு செய்தார்கள். எரிக்காவிட்டால் கதியில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தத் தண்ணீர்தான் மேட்டூர் வழியாக எங்கள் பரமத்தி வேலூருக்கும் மோகனூருக்கும் வருகிறது. அவர் மனதில் என்ன இருந்தது என்று அந்த இரண்டு கரையிலும் யாரும் ஒரு தாளை எடுத்துக் காட்டவில்லை.

தாள் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. உறுப்பு தானத்துக்கென்று 1994-இல் வந்த சட்டம் எழுதி வைத்தவரின் சொல்லை மதிக்கிறது: இரண்டு சாட்சி, அதில் ஒருவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். ஆனாலும் வாசலில் நிற்கிற குடும்பம் முடியாது என்றால் எந்த டாக்டரும் கை வைக்க மாட்டார். ஆகவே படிவத்தில் போடுகிற கையெழுத்தைவிட, சோற்றுத் தட்டுக்கு எதிரில் வீட்டாரிடம் சொல்லி வைப்பது முக்கியம். 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களுக்கு இறுதிச் சடங்கில் அரசு மரியாதை என்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்குப் பிறகு, விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு லாரி டிரைவரின் வீட்டுக்குப் பந்தல் போடப் போனேன். "அங்கமில்லாம அனுப்பினா அடுத்த பொறப்புல அங்கமில்லாமப் பொறப்பான்" என்று காலையில் பேசிய ஆள், அதிகாரிகள் மாலையோடு இறங்கியதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நம்பிக்கை மாறியிருக்காது. வாய் அடங்கியது, அன்றைக்கு அது போதும்.

சொல்லக் கூசுகிற விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஆவிக்குச் சாதி உண்டு என்று எந்த மதத்துக்காரரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் காட்டுக்குப் போகும் தடத்தில் மட்டும் சாதி உண்டு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரே ஊருக்கு இரண்டு காடு, மூன்று காடு. "அந்தத் தெருவுக்குப் போன பெட்டியா?" என்று ஆரம்பத்தில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. "இல்லீங்க, இது வேற பெட்டிங்க" என்று சொல்லிப் பிழைத்திருக்கிறேன். என்னிடம் அப்போது இருந்ததே ஒரு பெட்டிதான்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. விளக்கு வைத்த நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் திட்டுவார் என்பதால் ஒரு மத்தியான நேரம், கடைக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்து, உனக்கு என்னம்மா செய்யட்டும் என்று கேட்டேன். தயாராக வைத்திருந்த மாதிரி சொன்னார். எரிக்க வேண்டும். தகன மேடை பரவாயில்லை. பேரன்கள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும், பேத்தியும் பிடிக்கட்டும். சாம்பல் கூடுதுறைக்கு. அப்பாவின் கண்ணாடியை மடியில் வைத்துவிட வேண்டும். அது எரியுமோ உருகுமோ, எடுத்துவிடக் கூடாது. நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன்.

"இன்னொண்ணு" என்றார். "உன்ற ஐஸ் பொட்டில மட்டும் வெச்சுப்போடாதே. குளுரும்."

பதினெட்டு வருஷமாக அந்தப் பெட்டியில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். பெங்களூரில் இருக்கிற தங்கை கிளம்பித் தொப்பூர் இறங்கி, ஓமலூர் டோல்கேட் தாண்டி வீடு வந்து சேர ஐந்து மணி நேரமாவது ஆகும். சித்திரை வெயிலாக இருந்தால் என்ன செய்வது என்று மனசு கணக்குப் போட்டது. நோட்டில், "பெட்டி வேண்டாம்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.