மூன்று அண்ணாமலையும் ஒரு நலங்குப் பாட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்டிருக்கிறேன். அதனால் பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள்.

நம்ம திருவண்ணாமலையில் டீச்சர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த வகுப்பை எடுத்தாலும் இரண்டு அருணாசலம், மூன்று அண்ணாமலை இருப்பார்கள். வெறும் "அண்ணாமலை" என்று கூப்பிட்டால் மூன்று பேரும் "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நிற்பார்கள். அதனால் எம். அண்ணாமலை, கே. அண்ணாமலை, எஸ். அண்ணாமலை என்று இனிஷியலோடுதான் கூப்பிடுவேன். வருகைப்பதிவேட்டில் இனிஷியலை அழித்துவிட்டால், யார் வந்தான், யார் வரவில்லை என்று கடவுளுக்குத்தான் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் இதைச் செய்தவள், எங்கள் வீட்டுப் பாட்டு விஷயத்தில் மறந்துபோனேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பழைய கேசட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. சீமந்தம், வளைகாப்பு, கல்யாணம் என்று டேப் ரெக்கார்டரில் பதிந்தவை. அவற்றை ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக மாற்றி பென் டிரைவில் வாங்கினேன். வந்தது 214 கோப்புகள். எல்லாம் "ட்ராக் 01", "ட்ராக் 02" என்றே இருந்தன. பாடியவர் இடத்தில் "அன்நோன் ஆர்ட்டிஸ்ட்". எங்கள் அத்தை அன்நோன் ஆர்ட்டிஸ்டாம்!

ஒவ்வொன்றாகக் கேட்டு, "01 நலங்கு", "02 நலங்கு", "03 ஊஞ்சல்" என்று பெயர் வைத்தேன். அதற்கே இரண்டு மாதம் ஆனது. பிறகு முன்னால் நிற்கும் எண்கள் கண்ணை உறுத்தின. பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் லேப்டாப்பில் உபுண்டு போட்டுக் கொடுத்து, அந்தக் கறுப்புத் திரையில் கட்டளை எழுதவும் சொல்லிக் கொடுத்திருந்தான். "ஒவ்வொரு பெயரிலும் முதல் மூன்று எழுத்தை வெட்டு" என்று நானே ஒரு வரி எழுதினேன். 'எம்வி' என்ற கட்டளையை வைத்துத்தான். ஒரு நொடியில் முடிந்துவிட்டது. திரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் எண்ணிப் பார்த்தால் 214-க்குப் பதில் 187 கோப்புகள்தான் இருந்தன.

எண்ணை வெட்டியதும் "01 நலங்கு", "02 நலங்கு", "05 நலங்கு" எல்லாமே வெறும் "நலங்கு" ஆகிவிட்டன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்க முடியாது. 'எம்வி' என்ன செய்யும்? பின்னால் வருவதை முன்னால் இருப்பதன் மேல் வைத்துவிடும். கேட்காது, சொல்லாது. நான் மூன்று அண்ணாமலைக்கும் இனிஷியலை அழித்துவிட்டேன். இரண்டு அண்ணாமலை போய்விட்டார்கள்.

போனவற்றில் ஒன்று, 1987-ல் என் தங்கை கல்யாணத்தில் அத்தை பாடிய நலங்குப் பாட்டு. மாப்பிள்ளையைக் கேலி செய்து அவரே கட்டிய பாட்டு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அத்தை இப்போது இல்லை. கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாகிவிட்டது. பென் டிரைவிலேயே நேரடியாக வேலை செய்ததால் வேறு பிரதியும் இல்லை.

என் மாணவனுக்குப் போன் செய்தேன். "டீச்சர், மைனஸ் என் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதே" என்றான். அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 'எம்வி'யோடு மைனஸ் என் சேர்த்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் கை வைக்காது. 'ரீநேம்' என்று இன்னொரு கட்டளை உண்டு. உபுண்டுவில் கிடைக்கும் அந்தக் கட்டளையோடு மைனஸ் என் போட்டால், எந்தப் பெயர் எப்படி மாறும் என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் மாற்றாது. படித்துப் பார்த்து, சரி என்றால் மைனஸ் என்னை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். ஒரே எழுத்து, இரண்டு கட்டளையில் இரண்டு பொருள். கவனம்.

கேள்வியே கேட்காமல் சொன்னதைச் செய்கிற பிள்ளையை நல்ல பிள்ளை என்போம். எனக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டால் கொஞ்சம் பயம்தான். இந்தக் கறுப்புத் திரை அந்த ரகம். பிழை அதனுடையது இல்லை, சொன்னவளுடையது.

ஆனால் நான் சொல்ல வந்தது இது மட்டும் இல்லை. கோப்பின் பெயர் என்பது நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் எழுதியது போல. அட்டை கிழிந்தால் போச்சு. வாட்ஸ்அப்பில் பாட்டை அனுப்பிப் பாருங்கள். "ஏயுடி" என்று தொடங்கி தேதியும் எண்ணுமாகப் போய்ச் சேரும். நீங்கள் வைத்த பெயர் அங்கே இருக்காது. எம்பி3-க்கு உள்ளேயே பெயர் எழுத ஓர் இடம் உண்டு. அதைத்தான் டேக் என்கிறார்கள். பாட்டோடு சேர்ந்தே அது பயணம் செய்யும்.

1996-ல் வந்த முதல் டேக் முறையில் இடம் ரொம்பக் குறைவு. மொத்தமே 128 பைட். தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தது. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், கொம்புக்கும், காலுக்கும், புள்ளிக்கும் மூன்று மூன்று பைட் வேண்டும். "நலங்குப் பாட்டு" என்று வலிந்து எழுதினால் "நலங்குப் ப" என்பதோடு இடம் முடிந்துவிடும். 1998-ல் வந்த இரண்டாம் முறைதான் இந்தக் குறையைத் தீர்த்தது. அதில் தமிழைத் தாராளமாக எழுதலாம். பாடியவர், இசையமைத்தவர், பாடலாசிரியர் என்று தனித்தனி இடங்களும் உண்டு.

'மிட்3வி2' என்ற கட்டளையில் சின்ன ஏ பாடியவர், பெரிய ஏ ஆல்பம், சின்ன டி தலைப்பு, ஒய் வருஷம். மைனஸ் எல் போட்டால் ஏற்கெனவே உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டும். ஒரு கல்யாணத்தின் நாற்பது பாட்டுக்கும் ஆல்பம் பெயரையும் வருஷத்தையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். பத்துப் பாட்டு என்றால் மவுஸால் செய்யுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். இருநூறு என்றால் இதுதான் வழி. எழுதிய வரியை நோட்டில் குறித்து வைத்தால், என்ன செய்தோம் என்பதற்குக் கணக்கும் இருக்கும்.

"ஷசாம் மாதிரி ஆப் இருக்கே, பாட்டைக் கேட்டே பேரைச் சொல்லிடுமே" என்று என் பேரன் சொல்கிறான். சொல்லும். அதன் பட்டியலில் இருக்கும் பாட்டைத்தான் சொல்லும். என் அத்தை எந்தப் பட்டியலிலும் இல்லை. உங்கள் பாட்டியின் தாலாட்டும் இல்லை. அவர்கள் பெயரை நாம் எழுதாவிட்டால் வேறு யாராலும் எழுத முடியாது.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. நம்பியாண்டார் நம்பி தேவார ஏடுகளைத் தில்லையில் கண்டெடுத்த கதையைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. கரையான் தின்றது போக மிச்சம் கிடைத்தது. ஆனால் சொல் கிடைத்தாலும் எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. கடைசியில் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்துதான் பண் கிடைத்தது என்கிறது அந்தப் புராணம். இன்று தேவாரப் புத்தகத்தைத் திறந்தால் நம்ம ஊர்ப் பதிகங்களைப் பாருங்கள். முதல் திருமுறை, 10-ஆம் பதிகம், சம்பந்தர், திருவண்ணாமலை, நட்டபாடை. அதே திருமுறை, 69-ஆம் பதிகம், சம்பந்தர், திருவண்ணாமலை, தக்கேசி. பாடியவரும் ஒருவர், தலமும் ஒன்று. எண்ணும் பண்ணும்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. இது டேக் இல்லாமல் வேறென்ன?

1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடியபோது, பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே சொல்லி முடித்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே! தன் பெயர் தொலையக் கூடாது என்பதை அந்த அம்மா குரலிலேயே உறுதி செய்துவிட்டார்.

நாம் என்ன செய்கிறோம்? சினிமாப் பாட்டை எங்கிருந்தோ இறக்குகிறோம். பாடியவர் இடத்தில் ஏதோ இணையதளத்தின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் இசையமைப்பாளர் பெயர் மட்டும் இருக்கும். பாடிய அம்மாவும் எழுதிய கவிஞரும் காணாமல் போயிருப்பார்கள். பாடலாசிரியருக்கு என்று ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. உழைத்தவன் பெயரை அழித்துவிட்டு, பாதையில் உட்கார்ந்திருந்தவன் தன் பெயரை எழுதிக்கொள்வது என்ன நியாயம்? அதை அப்படியே வைத்துக்கொண்டு நாலு பேருக்கு அனுப்புவதிலும் நமக்குப் பங்கு உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வீட்டில் பெரியவர்கள் பாடி நீங்கள் போனில் பதிந்தது ஏதாவது இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து பெயர் எழுதுங்கள். யார் பாடினார், எந்த ஊர், எந்த வருஷம், யார் வீட்டு விசேஷம். முதலில் ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். இரண்டாவது, ஒத்திகை பாருங்கள். மூன்றாவது, வேலைக்கு முன்னும் பின்னும் கோப்புகளை எண்ணுங்கள். சுற்றுலா கூட்டிப்போகும்போது பஸ்ஸில் ஏற்றும்முன் உங்களை எண்ணினேனே, அப்படி. பாடியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர் போன பிறகு குரலை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

இப்போது உதவி. அத்தையின் அந்தப் பாட்டை 2017-ல் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என் பழைய போன் கெட்டுப்போனதால் என்னிடம் இல்லை. உங்களில் யார் போனிலோ, பழைய மெமரி கார்டிலோ "ஏயுடி" என்று தொடங்கும் பெயரில் அது கிடக்கலாம். நான் அன்றைக்கே உள்ளே அத்தை பெயரை எழுதி அனுப்பியிருந்தால், இன்று தேடினால் வந்திருக்கும். எழுதவில்லை. அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடையாளம் சொல்கிறேன். ஆரம்பத்தில் பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். அத்தை பாடத் தொடங்கி, நிறுத்தி, "ஏண்டி, இது பதியுதா?" என்று கேட்பார். "பதியுது அத்தை, பாடுங்க" என்று சொல்வது நான்.

கிடைத்தால் அனுப்புங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்