மொட்டை மாடியில் ஒரு படகு

இந்த வருஷம் எங்கள் வீட்டில் வடாம் போடவில்லை. மொட்டை மாடியில் இடமில்லை. இவரும் எங்கள் பெரியவனும் அங்கே படகு கட்டிக் கொண்டிருந்தார்கள், சகோதரிகளே!

'மிர்ரர்' என்று பெயர். சாதாரண ஜனங்கள் வீட்டிலேயே கட்டிக் கொள்ளட்டும் என்று 1962-ல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் என்ற இருவர் வடிவமைத்த பாய்ப்படகு. 10 அடி 10 அங்குலம் நீளம். ப்ளைவுட்டைத் துணி மாதிரி வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைக்க வேண்டும். தைத்த இடத்தில் கண்ணாடி நார் நாடாவை ரெசின் தடவி ஒட்டினால் இறுகி விடுகிறது. ரவிக்கை தைக்கிற எனக்கு வேடிக்கையாக இருந்தது. "அந்தக் கால மெட்ராஸ் மசூலாப் படகையும் கயிற்றால் தைத்துத்தானே கட்டினார்கள்?" என்றார் இவர்.

தையல் வரை சரி. ரெசின் வந்ததும் என் தூக்கம் போயிற்று. கூடவே இரண்டு திரவம் வருகிறது. ஊதா நிறத்தில் ஆக்ஸிலரேட்டர். தண்ணீர் போலத் தெளிவாகக் கேட்டலிஸ்ட். இரண்டையும் ரெசினில் தனித்தனியாகத்தான் கலக்க வேண்டும். ஒன்றோடொன்று நேராகச் சேர்த்தால் வெடித்து விடுமாம். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

அதைப் போய் நம் பிள்ளையாண்டான் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மாடிப்படியில் வைத்திருக்கிறான்! துணி உலர்த்தப் போன நான் பார்த்தால், பேரன், ஒன்றரை வயசு, அந்த மூடியைக் கடித்துக் கொண்டிருக்கிறான். நல்ல வேளை, திறக்கவில்லை. அன்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டம்மா ஓடி வந்து விட்டார்.

மகள் வேறு ஏழு மாசம். ரெசின் நெடி கர்ப்பிணிக்கு ஆகாது. பூசுகிற நாட்களில் அவளையும் குழந்தையையும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினேன். பாட்டில்கள் வாங்கின டப்பாவிலேயே, பூட்டிய அலமாரிக்குப் போயின. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மாடி ஏறினால் சாப்பாடு கிடையாது என்று சொல்லி விட்டேன். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் விடாமல் கழுவி, உடனே கண் டாக்டரிடம் ஓட வேண்டும். இதைச் சுவரிலேயே எழுதி ஒட்டினேன்.

இன்னொன்று. அவர்கள் சட்டையை மற்றத் துணிகளோடு ஊற வைக்காதீர்கள். தெரியாமல் வைத்து, இரண்டு நாள் என் இடுப்பெல்லாம் அரிப்பு. கண்ணாடித் தூள்! கலந்த ரெசினை மக்கிலேயே விட்டு வைத்தாலும் ஆபத்து. தானாகச் சூடேறிப் புகைகிறது. குளியலறை மக் ஒன்று அப்படித்தான் உருகிப் போயிற்று.

படகின் அகலம் நாலரை அடிக்கு மேல். மாடிப்படி மூன்றடி. இதை முதலிலேயே அளக்க இரண்டு ஆண்களுக்கும் தோன்றவில்லை! கயிறு கட்டித் தெருப் பக்கமாக இறக்கினார்கள்.

பாய் இன்னும் பாக்கி. சிவப்புத் துணியில்தான் போடுவார்களாம். பெரியவன் என் தையல் மெஷினைக் கேட்கிறான். ஊசி உடைந்தால் அவன் செலவு என்று சொல்லியிருக்கிறேன்.