ராஜா இல்லாத நாட்டில் ராஜத்துரோகம்

ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறையில் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், என்னைவிட மூத்தவர். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு அரசியலில் வந்து நின்றது.

"சர்க்காரை ஏசுதவன் தேசத்தை ஏசுதவன்தானவே? அவனைப் பிடிச்சு உள்ளே போட்டா என்ன தப்பு?" என்றார்.

"அப்படின்னா வ.உ.சி.யை உள்ளே போட்டதும் சரிதானே, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது வெள்ளைக்காரன் சர்க்கார். இது நம்ம சர்க்கார்" என்றார், சட்டென்று.

படித்தவர்கள் பலர் மனத்தில் இருக்கும் பதில்தான் இது. அதனால் அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1908 மார்ச் 12-ந் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நாலு உயிர் போயிற்று. ஜூலை 7-ந் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்து வருஷம். அப்பீலில் வ.உ.சி.யின் தண்டனை குறைந்தது உண்மை. ஆனாலும் 1912 டிசம்பர் வரை அவர் சிறையில் கிடந்தார், செக்கிழுத்தார். என்ன குற்றம்? பேசியது. இந்தியத் தண்டனைச் சட்டம் 124ஏ பிரிவின்படி, சர்க்கார்மீது ஜனங்களுக்கு அன்பில்லாமல் செய்வது குற்றம். புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயே கட்டளை போட்டு வரவழைக்க முடியாத வஸ்து அன்பு. அதைச் சட்டம் போட்டு வசூலிக்கப் பார்த்தார்கள்!

அந்த வழக்கின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜில்லாவில் வரி வாங்கும் கலெக்டரே ஜில்லா மாஜிஸ்டிரேட். சட்டம் செய்தவர்கள், வழக்குத் தொடுத்தவர்கள், தீர்ப்புச் சொன்னவர் எல்லாரும் ஒரே ராஜாவின் ஊழியர்கள். இப்படி ஒரே கையில் மூன்று சாவியும் இருக்கக்கூடாது என்றுதான் 1787-ல் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டம் எழுதிய அமெரிக்கர்கள் நினைத்தார்கள். சட்டம் செய்வது காங்கிரஸ், நடத்துவது ஜனாதிபதி, வழக்கைத் தீர்ப்பது நீதிமன்றம். காங்கிரஸ் செய்யும் மசோதாவை ஜனாதிபதி தடுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டிருந்தால் காங்கிரஸ் அந்தத் தடையைத் தாண்டலாம். பதவியில் இருப்பவன் தேவதையல்ல என்ற சந்தேகத்தின்மேல் கட்டிய வீடு அது. அந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அதுவும் போதாதென்று 1791-ல் முதல் திருத்தம் கொண்டுவந்தார்கள்: பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் செய்யவே கூடாது.

அமெரிக்கர்கள் எல்லாரும் அதன்படி ஒழுங்காக நடந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஏழே வருஷத்தில், 1798-ல், ஜான் ஆடம்ஸ் காலத்தில், ராஜத்துரோகச் சட்டம் ஒன்று பிறந்தது. ஜனாதிபதியையும் காங்கிரஸையும் அவதூறாக எழுதினால் சிறை. உபஜனாதிபதியை மட்டும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். ஏனென்றால் அவர் எதிர்க்கட்சிக்காரரான ஜெபர்ஸன்! வெர்மாண்ட் பிரதிநிதி மாத்யூ லையன் ஆடம்ஸைக் கண்டித்து எழுதினார். நாலு மாதச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சிறையில் இருந்த மனிதரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1801-ல் சட்டம் காலாவதியாயிற்று. ஜெபர்ஸன் பதவிக்கு வந்து, தண்டிக்கப்பட்டவர்களை மன்னித்தார்.

அந்தச் சண்டையில் ஜேம்ஸ் மாடிசன் எடுத்து வைத்த வாதந்தான் என் நண்பருக்குப் பதில். இங்கிலாந்தில் ராஜா எஜமான்; அவனைப் பழிப்பது துரோகமாகலாம். அமெரிக்காவில் ஜனங்களே எஜமான், சர்க்கார் வேலையாள். வேலையாளைக் கண்டிக்கும் அதிகாரம் எஜமானுக்கு உண்டே தவிர, எஜமான் வாயை மூடும் அதிகாரம் வேலையாளுக்கு இல்லை. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

"நம்ம சர்க்கார்" என்கிறீர்களே, அண்ணாச்சி, நம்முடையது என்றால் ஏசும் உரிமை கூட வேண்டுமா, குறைய வேண்டுமா? வெள்ளைக்கார சர்க்காரை ஏசியது வீரம் என்றால், நம் சர்க்காரை ஏசுவது நம் வீட்டுக் கணக்கை நாமே பார்ப்பது, அவ்வளவுதான்.

நாம் என்ன செய்தோம்? 1950-ல் பேச்சுரிமையை எழுதி வைத்தோம். 1951-ல் நம்முடைய முதல் திருத்தம் வந்தது. அவர்களுடைய முதல் திருத்தம் பேச்சுக்கு வேலி போட்டுக் காத்தது. நம்முடையது பேச்சுக்கு இருந்த வேலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டது. 124ஏ போகவில்லை. 1962-ல் கேதார்நாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லும் என்றது. ஆனால், பலாத்காரத்தையோ பொதுக் குழப்பத்தையோ தூண்டினால்தான் குற்றம், வெறும் கண்டனம் குற்றமல்ல என்று எல்லையும் கட்டியது.

அந்த எல்லை காகிதத்தில் இருந்தது. 2011, 2012-ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைக் கடற்கரையில் மீனவர்கள் உட்கார்ந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள்மீது இதே 124ஏ பாய்ந்தது. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் உங்களுக்கும் அபிப்பிராய பேதம் இருக்கலாம். வலை பின்னுகிற பெண்பிள்ளை "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொன்னால் அது ராஜத்துரோகமா? 2013-ல் அணு உலைக்கு அனுமதி கொடுத்த சுப்ரீம் கோர்ட்டே, போராடியவர்கள்மேல் உள்ள கிரிமினல் வழக்குகளை வாபஸ் வாங்க முயலுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வ.உ.சி.யைத் தண்டித்த அதே பிரிவு, அதே திருநெல்வேலிச் சீமை, நூறு வருஷத்துக்கு அப்புறம்!

2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் 124ஏ-யை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் தண்டனைச் சட்டமே மாறிவிட்டது. ராஜத்துரோகம் என்ற பேரும் போயிற்று. ஆனால் புதிய சட்டத்தின் 152-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தேசத்தின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து உண்டாக்கும் பேச்சுக்கு ஆயுள் தண்டனை, அல்லது ஏழு வருஷம் வரை சிறை. பழைய பிரிவில் ஆயுளுக்கு மாற்றாக இருந்தது மூன்று வருஷந்தான். எது ஆபத்தான பேச்சு என்று முதலில் முடிவு செய்பவர் யார்? எப்.ஐ.ஆர். எழுதுகிறவர். கோர்ட்டில் விடுதலை கிடைக்கலாம். அதுவரை நடந்து தேய்ந்த செருப்புக்கு யார் விலை கொடுப்பது?

அமெரிக்காவும் வழுக்கிய தேசந்தான். 1918-ல் யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காக யூஜின் டெப்ஸுக்குப் பத்து வருஷம் போட்டார்கள். 1920-ல் அவர் சிறையிலிருந்தபடியே ஜனாதிபதி தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். நல்ல சட்டம் தானாக எவரையும் காப்பாற்றாது. ஜனங்கள் காவல் நின்றால்தான் காப்பாற்றும். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

அன்று பொழுது சாய்ந்து நாங்கள் எழுந்தபோது நண்பர் கரையோரம் ஒதுங்கிக் கிடந்த குப்பையைப் பார்த்தார். "ஆத்தை இப்படிப் பாழாக்கிட்டானுவளே, கேட்க நாதியில்லாத சர்க்கார்!" என்று உரக்கவே சொன்னார்.

நான் சிரித்தேன். நல்லவேளை, அண்ணாச்சி. அக்கம்பக்கத்தில் போலீஸ்காரர் யாரும் இல்லை.