வாணர் பாலத்தில் விழுந்தவர் மீதே பழி போடுவதா?

ஆசிரியர் அவர்கட்கு,

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்தில் அண்மையில் அதிகாலை வேளை நடந்த விபத்தைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. அந்த நான்கு வரிக்குள் அடங்காதவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பழுதாகி நின்ற உழவு இயந்திரத்தின் பெட்டியில் மோட்டார் சைக்கிள் மோதியது. பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு விளக்கு இல்லை. ஒளி தெறிக்கும் பட்டிகூட ஒட்டப்பட்டிருக்கவில்லை. அந்த இடத்தில் வீதி விளக்கும் எரியவில்லை. மோதியவர் என் அயலவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். குறிகட்டுவான் இறங்குதுறையில் மீன் எடுத்து, பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியுமுன் யாழ்ப்பாணம் போய் விற்று வருபவர். பாலத்தின் ஓரத்துக் கற்களில் தூக்கி எறியப்பட்டு, இடுப்பும் வலது காலும் முறிந்து, இன்று கட்டிலில் கிடக்கிறார். தலைக்கவசம் அணிந்திருந்தபடியால் உயிர் மிஞ்சியது.

அவருடைய மனைவியோடு நானும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். பாலத்துக்கு விளக்கும் ஓரத்தடுப்பும் கேட்டு ஊரவர் முன்னரே கொடுத்திருந்த மனுவின் பிரதி கையில் இருந்தது. அங்கிருந்த அதிகாரி அதை வாங்கிப் பார்க்கவில்லை. "தீவுப் பெடியள் கண்மண் தெரியாமல் ஓடுவினம், பிறகு வந்து றோட்டிலை குறை சொல்லுவினம்" என்றார். கணவன் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை இது. அவள் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எந்தப் பெடியனைச் சொன்னார் அவர்? ஐஸ் நிரப்பிய மீன்பெட்டியின் பாரத்தோடு பழைய மோட்டார் சைக்கிளில் போகும் ஒரு குடும்பஸ்தன், ஓட நினைத்தாலும் எவ்வளவு வேகமாக ஓடிவிட முடியும்? விசாரிக்காமல், இடத்தைப் பார்க்காமல், நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வாணர் பாலம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமானது. இரு பக்கமும் கடல். ஒடுக்கமான பாதை, பேருந்தும் லொறியும் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டும். சோளகம் பெயர்ந்து வீசும் மாதங்களில் குறுக்கே அடிக்கும் காற்று மோட்டார் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளும். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். உப்புக்காற்றில் இரும்புக் கம்பமும் அறிவிப்புப் பலகையும் விரைவில் துருப்பிடித்துப் போகும். ஆகவே, ஒருமுறை நட்டுவிட்டோம் என்று கணக்கு எழுதி முடித்துவிட முடியாது. தொடர்ந்து பராமரிக்க ஆள் வேண்டும். பாலத்தைக் கடந்து ஊருக்குள் வந்தால் கட்டாக்காலி மாடுகள். இரவில் சூடு தேடி நடுவீதியில் படுக்கும் மாடு, வெளிச்சம் அதன்மேல் விழும்வரை கண்ணுக்குத் தெரியாது.

தீவுப் பகுதியில் வாகனங்கள் குறைவு, இருக்கிற பணத்தை நெரிசலான இடத்தில்தான் செலவிடவேண்டும் என்றும் அந்த அலுவலகத்தில் சொன்னார்கள். இது பொருந்தாத நியாயம். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் வருகிறவர்கள், தென்பகுதியிலிருந்து பேருந்து பேருந்தாக வருபவர்கள் உட்பட, இந்தப் பாதையால்தான் குறிகட்டுவானுக்குப் போகிறார்கள். நெடுந்தீவுச் சனத்துக்கும் இதுவே வழி. அவர்கள் எவருமே வராவிட்டாலும், ஒற்றைப் பாதையை நம்பி வாழும் மக்களின் உயிர் தலைக்கணக்கில் மலிவானதா?

அதைவிட, தீவில் அடிபடுபவரின் நிலைமை வேறு. குறிகட்டுவானிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. அதனால் பிழைத்தவர்கள் பலர், அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அன்று வண்டி வருமுன் விடிந்துவிட்டது. பாலத்து ஈரத்தில் அவரை அசைக்கப் பயந்து சுற்றி நின்றோம். இதே விபத்து நெடுந்தீவில் இரவில் நடந்திருந்தால், முதலில் படகு தேடவேண்டும். அதன்பின் சுமார் ஒரு மணிநேரக் கடல். அதற்கும் பிறகே இந்தத் தரைப்பாதை. வைத்தியசாலை தூரத்தில் உள்ள இடத்தில் விபத்தைத் தடுப்பதற்கு மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் செலவிடவேண்டும். இங்கே தலைகீழாக நடக்கிறது.

யாரிடம் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். பெருவீதி ஒருவருக்கு, உள்வீதி இன்னொருவருக்கு, விளக்கு பிரதேச சபைக்கு, மாடு உரிமையாளருக்கு, சட்டம் பொலிஸாருக்கு. வாக்குக் கேட்டு வரும்போது மட்டும் பாலம் எல்லோருக்கும் சொந்தமாகிவிடுகிறது. பகலில் மறித்துத் தலைக்கவசம் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை, அது வேண்டியதுதான். ஆனால் விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் பொழுதுபட்டபின் ஓடுகின்றனவே, அவற்றை மறிப்பது யார்?

நாங்கள் கேட்பது பெரிய திட்டம் அல்ல. பாலத்தின் இரு ஓரமும் ஒளி தெறிக்கும் கட்டைகள், உப்புக்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் விளக்குகள், உழவு இயந்திரப் பெட்டிகளுக்குப் பின்விளக்கு, மாடுகளின் கழுத்துக்கு ஒளிப்பட்டி, இரவில் தீவுப் பகுதிக்குள்ளேயே நிற்கும் ஓர் அம்புலன்ஸ். இவற்றில் எதை எந்த அலுவலகம் எப்போது செய்யும் என்று எழுத்தில் தரட்டும். நயினாதீவில் ஆனி மாதத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் ஆயிரக்கணக்கானோர் இந்தப் பாலத்தால் போவார்கள். ஓரக்கட்டைகளாவது அதற்கு முன் நடப்படவேண்டும். அந்த அதிகாரி, தான் சொன்ன வார்த்தைக்கு அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவிக்கவேண்டும். அதற்குப் பணமும் தேவையில்லை, மேலிடத்து அனுமதியும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
புங்குடுதீவு